துரைச்சாமி (சின்ன மருதுவின் மகன்)

துரைச்சாமி, சிவகங்கைச் சீமையின் பிரதானியாக விளங்கிய சின்ன மருதுவின் மகன் ஆவார். 1801 ஆம் ஆண்டு நடைபெற்ற தென்னிந்தியப் புரட்சியின் முடிவில் மருது சகோதரர்களும் அவர்களது குடும்பத்து ஆண்கள் பலரும் தூக்கிலிடப்பட்டனர். சிறுவனாக இருந்த காரணத்தால் உயிர் தப்பிய துரைச்சாமி, வாழ்நாள் முழுவதற்குமாக நாடு கடத்தப்பட்டார். 1802 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்னும் கப்பலில் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ 15. அவரைப் பற்றி நேரில் கண்டு எழுதியவர், அவருடைய தந்தையின் நண்பராக இருந்து பின்னர் அதே தந்தைக்கு எதிராகப் போரிட்ட ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி ஆவார்.

பின்னணி

சிவகங்கையை ஆண்ட முத்து வடுகநாதத் தேவர் 1772 ஆம் ஆண்டு சூன் மாதம் காளையார்கோவிலில் ஆற்காட்டு நவாபு, கிழக்கிந்தியக் கம்பனி ஆகியோரின் கூட்டுப் படையால் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அவருடன் இருந்து, 1780 இல் சீமையை மீட்டுத் தந்தவர்கள் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் ஆவர். அதன் பின்னர் சீமையின் நிர்வாகம் பெரும்பாலும் இவ்விரு சகோதரர்களின் கையிலேயே இருந்தது. வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரசராக இருந்தபோதும் ஆட்சிப் பொறுப்பைச் சின்ன மருதுவே கவனித்து வந்தார். பெரிய மருது வேட்டையிலேயே மிகுந்த நாட்டம் கொண்டவர். ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரல்களாலேயே வளைக்கும் அளவுக்கு உடல் வலிமை கொண்டவர் என்று அவரை அறிந்தவர்கள் குறித்துள்ளனர்.

சின்ன மருது தம் குடும்பத்தினருடன் சிறுவயல் என்னும் ஊரில் வாழ்ந்தார். அவருடைய வீட்டுக்குக் காவல் இல்லை; யார் வேண்டுமானாலும் உள்ளே சென்று அவரைக் காண முடிந்தது. துரைச்சாமியின் இளமைப் பருவம் இந்தச் சூழலிலேயே கழிந்தது.

சிறுவயலுக்கு வந்து சென்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். கம்பனியின் சென்னைப் படையைச் சேர்ந்த இளம் அதிகாரியான இவர், 1795 ஆம் ஆண்டளவில் மதுரைப் பகுதியில் பணியாற்றியபோது சின்ன மருதுவின் நட்பைப் பெற்றார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே. வளரி என்பது மறவர், கள்ளர் ஆகியோர் பயன்படுத்திய வளைந்த எறிபடை; ஆசுத்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கைப் பெரிதும் ஒத்தது. அதே காலத்தில் ஆசுத்திரேலியாவில் பிரித்தானியக் கைதிகள் குடியேற்றம் ஒன்று தொடங்கி ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1801 ஆம் ஆண்டுப் போர்

1801 பெப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுப்பப்பட்டது. கம்பனிப் படை மார்ச்சு மாத இறுதியில் நடத்திய தாக்குதல் தோல்வியடைந்தது. மே 24 அன்று கோட்டை வீழ்ந்தபோது ஊமைத்துரை தப்பிச் சென்று மருது சகோதரர்களிடம் அடைக்கலம் பெற்றார். அவரை ஒப்படைக்க மறுத்ததே சிவகங்கையின் மீது போர் தொடுக்கப்படுவதற்கு உடனடிக் காரணமாயிற்று. சூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் வெளியான அறிவிப்பு திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோவில் சுவரிலும் ஒட்டப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி மக்கள் அனைவரும் ஐரோப்பியரை எதிர்க்க வேண்டும் என்று அது அழைப்பு விடுத்தது.

கம்பனிப் படைகளுக்குக் கர்னல் அக்னியூ தலைமை தாங்கினார். சூலை இறுதியில் படை சிறுவயலை நெருங்கியபோது, ஊர் எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக மருதுவின் ஆட்களே அதற்குத் தீ வைத்தனர். துரைச்சாமி வளர்ந்த இல்லம் இவ்வாறு அழிந்தது. சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரை அடர்ந்த காட்டை வெட்டிப் பாதை அமைக்கும் முயற்சியில் கம்பனிப் படை ஆகத்து மாதம் முழுவதையும் செலவிட்டது. பகலில் வெட்டிய இடத்தில் இரவில் தடுப்புகள் எழுந்தன. இறுதியில் இம்முயற்சியே கைவிடப்பட்டது. வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்த அக்னியூ, அக்டோபர் 1 அன்று பல திசைகளிலிருந்தும் படைகளை அனுப்பிக் காளையார்கோவிலைக் கைப்பற்றினார்.

போரின் போக்கை மாற்றியதில் படைபலத்துக்கு இணையான பங்கு ஓர் அரசியல் நடவடிக்கைக்கும் உண்டு. சிவகங்கை அரச மரபைச் சேர்ந்த கௌரி வல்லபப் பெரிய உடையாத் தேவரைச் சீமையின் உரிமையாளராகக் கம்பனி அறிவித்தது. இதனால் மருது சகோதரர்களுக்கு ஆதரவாக நின்ற மக்களுள் ஒரு பகுதியினர் விலகிச் சென்றனர். அக்டோபர் மாதத்தில் சகோதரர்கள் இருவரும் காடுகளில் தேடிப் பிடிக்கப்பட்டனர். தொடையில் காயமுற்ற நிலையில் இருந்த சின்ன மருதுவும், பெரிய மருதுவும், குடும்பத்தைச் சேர்ந்த ஆண்களும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சகோதரர்களின் தலைகள் காளையார்கோவில் கோவிலுக்கு எதிரே புதைக்கப்பட்டன என்பது மரபு. நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

தண்டனை

தூக்கிலிடப்படாமல் எஞ்சியோருள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கடந்த தீவுக்கு அனுப்பக் கம்பனி முடிவு செய்தது. அரசர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் அவர்களுள் முதன்மையானவர். வாராப்பூர்ப் பாளையக்காரர் பொம்ம நாயக்கர், இராமநாதபுரத்தைச் சேர்ந்த செகநாத ஐயன் ஆகியோரும் இருந்தனர். சிறுவன் துரைச்சாமியும் இவர்களுடன் சேர்க்கப்பட்டார்.

இவர்கள் எவர் மீதும் முறையான நீதிமன்ற விசாரணை நடைபெறவில்லை. துரைச்சாமியைப் பொறுத்தவரையில் அவர் செய்த குற்றம் என்று சுட்டிக் காட்ட எதுவும் இல்லை. இன்னாரின் மகன் என்பதைத் தவிர வேறு குற்றம் அவரிடம் இல்லை என்பதைக் கம்பனி அதிகாரியான வெல்ஷே ஒப்புக்கொள்கிறார். இத்தண்டனையின் நோக்கம் வேறு. மருதுவின் குருதியில் ஒருவர் சீமையில் இருந்தால், கம்பனி நியமித்த புதிய ஜமீனுக்கு எதிராக மக்கள் அவரைச் சுற்றித் திரளக்கூடும். பதினைந்து வயதுச் சிறுவனை வாழ்நாள் முழுவதும் தீவில் வைத்ததற்கு இதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை.

கடல் கடத்தலைக் கம்பனி விரும்பியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கடல் தாண்டுவோர் சாதி இழப்பர் என்ற நம்பிக்கையால் இந்தியர்கள் மரண தண்டனையை விடவும் இதற்கு அஞ்சுவர் என்று ஆங்கிலேய அதிகாரிகள் கருதினர். தென் தமிழகத்தைப் பொறுத்த அளவில் இக்கருத்து முழுமையாகச் சரியன்று. பினாங்குக்கு எதிரே உள்ள கெடா கரையே சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். நாகூர், நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து தமிழ் வணிகர்கள் அங்கு நெடுங்காலமாகச் சென்று வந்தனர். அவர்கள் விரும்பிச் சென்று திரும்பி வந்த கடல் இது. துரைச்சாமிக்குத் திரும்பி வரும் உரிமை மறுக்கப்பட்டது.

தூத்துக்குடியில்

கப்பல் புறப்படும் வரை கைதிகள் தூத்துக்குடியில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் காக்கும் பொறுப்பு தற்செயலாக வெல்ஷிடம் வந்து சேர்ந்தது. பாஞ்சாலங்குறிச்சியிலும் சிவகங்கையிலும் போரிட்டிருந்த அவர், தமக்கு வளரி வீசக் கற்றுத் தந்தவரின் மகனை விலங்குடன் கண்டார். விடுதலை செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. தம் கட்டுப்பாட்டில் இருந்த அளவுக்குச் சிறுவனின் சிறைவாழ்வை இலகுவாக்கினார். தந்தையின் தோற்றத்தையும் இயல்பையும் மகனிடம் கண்டு இரங்கியதாக அவருடைய குறிப்புகளிலிருந்து தெரிகிறது. பெப்ரவரி 11 அன்று கப்பல் புறப்பட்டது. பயணம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது.

பினாங்கில்

பினாங்குத் தீவைக் கெடா சுல்தானிடமிருந்து பெற்று 1786 ஆம் ஆண்டு கம்பனியின் குடியேற்றமாக நிறுவியவர் பிரான்சிஸ் லைட். ஆங்கிலேயர் இதனை வேல்சு இளவரசர் தீவு என்று அழைத்தனர். காடாக இருந்த இத்தீவைத் திருத்துவதற்கு ஆட்கள் தேவைப்பட்டனர். இந்தியாவிலிருந்து கைதிகளை அனுப்பும் வழக்கம் சில ஆண்டுகளிலேயே தொடங்கியது. 1796 இல் அந்தமானில் இருந்த முதல் குடியேற்றம் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கு மாற்றப்பட்டனர். சாலை அமைத்தல், காடு வெட்டுதல், செங்கல் அறுத்தல், அரசுக் கட்டடங்கள் எழுப்புதல் ஆகிய பணிகளைக் கைதிகள் செய்தனர். இன்று உலகப் பாரம்பரியக் களமாக (2008 முதல்) உள்ள ஜார்ஜ் டவுன் நகரத்தின் தொடக்ககாலச் சாலைகளில் இவர்களது உழைப்பு உள்ளது.

துரைச்சாமி சென்று இறங்கிய நகரம் தமிழ் ஒலிக்காத நகரம் அன்று. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரால் அமைந்த சூலியா தெரு அப்போதே இருந்தது. அவர்களின் தலைவரான காதர் முகைதீன் 1801 ஆம் ஆண்டளவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவியிருந்தார். ஆகவே மொழியும் உணவும் ஆடையும் அறிமுகமானவையாக இருந்தபோதே தாம் மட்டும் கைதி என்ற நிலை அவருடையது. சொந்த ஊர்ச் செய்திகள் துறைமுகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

உடன் சென்ற அரசர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் பினாங்கில் நெடுநாள் வைக்கப்படவில்லை. சுமத்ராத் தீவில் கம்பனியின் வசம் இருந்த பென்கூலனுக்கு மாற்றப்பட்ட அவர், 1802 செப்டம்பர் மாதத்தில் அங்குள்ள மார்ல்பரோ கோட்டையில் இறந்தார். தாயகத்தை விட்டுப் பிரிந்து எட்டு மாதங்கள்கூட நிறைவடையவில்லை.

வெல்ஷ் 1818 இல் பினாங்குக்குச் சென்றிருந்தார். அங்கு அவரைத் தேடி நலிந்த முதியவர் ஒருவர் வந்தார். வந்தவர் யாரென்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பின்னரே அவர் துரைச்சாமி என்பதை அறிந்தார். முதியவராகத் தோன்றிய துரைச்சாமிக்கு அப்போது வயது முப்பத்தொன்று அல்லது முப்பத்திரண்டுதான் இருந்திருக்க வேண்டும். தீவில் கழிந்த பதினாறு ஆண்டுகளைப் பற்றி வேறு விவரங்கள் தேவையில்லை என்று கருதும் அளவுக்கு இந்த ஒரு செய்தி போதுமானது. அப்பெயரைக் கேட்டபோது தாம் அடைந்த வேதனையை வெல்ஷ் மறைக்கவில்லை.

நாற்பது ஆண்டுக்காலப் படைப்பணியின் நாட்குறிப்பிலிருந்து தொகுத்த நினைவுகளை வெல்ஷ் 1830 ஆம் ஆண்டு இலண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மருது சகோதரர்களின் தோற்றம், இயல்பு, வாழ்க்கை முறை குறித்து நேரில் கண்ட ஒருவரின் வருணனை இந்நூலில் கிடைக்கிறது. துரைச்சாமி பற்றிய பகுதி சில பத்திகளே. ஆயினும் அப்பத்திகள் எழுதப்படாமல் இருந்திருந்தால் துரைச்சாமி கப்பலில் ஏறியவர் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

ஆசுத்திரேலியக் கைதிகளுடன் ஓர் ஒப்பீடு

துரைச்சாமியின் காலத்தில் பிரித்தானியப் பேரரசில் நாடு கடத்தல் என்பது பரவலான தண்டனை. 1788 முதல் 1868 வரை பிரித்தானியா, அயர்லாந்து ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 162,000 கைதிகள் ஆசுத்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். சென்னை மாகாணத்திலும் தண்டனை இனத்தைப் பொறுத்தே திசை பிரிந்தது. கம்பனிப் படையில் குற்றம் செய்த ஐரோப்பியச் சிப்பாய்கள் நியூ சவுத் வேல்சுக்கும், இந்தியர்கள் பினாங்கு, பென்கூலன் முதலிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆசுத்திரேலியாவுக்குச் சென்ற கைதி ஒருவரின் வழித்தோன்றல் இன்று தம் முன்னோரைத் தேடினால் பல ஆவணங்கள் கிடைக்கின்றன. எந்த ஊர் நீதிமன்றத்தில், எந்த நாளில், என்ன குற்றத்துக்காக, எத்தனை ஆண்டுத் தண்டனை என்பது முதல், வந்த கப்பலின் பெயர், வயது, தொழில், உயரம், கண்ணின் நிறம், உடலில் இருந்த தழும்பு, பச்சை குத்தல் வரை பதிவாகியுள்ளன. தண்டனைக் காலத்திலேயே வெளியில் வேலை செய்ய வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டு, திருமண அனுமதி, விடுதலைச் சான்று ஆகியனவும் உள்ளன. இவ்வாவணங்கள் 2007 ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் குடும்பங்கள் மறைத்து வந்த கைதி முன்னோர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருமைக்குரியவர்களாக மாறினர்.

துரைச்சாமி போன்றோரைத் தேடுவது இவ்வளவு எளிதன்று. வழக்கு நடைபெறாததால் வழக்குப் பதிவே இல்லை. அரசியல் கைதிகள் பற்றிய செய்திகள் நீதித்துறை ஆவணங்களில் அன்றி, சென்னை அரசின் படைத்துறைக் கலந்தாய்வுக் குறிப்புகளிலும் மறைமொழி ஆவணங்களிலும் மாவட்ட ஆட்சியர் கடிதங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றின் மூலங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், படிகள் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பிரிவிலும் உள்ளன. பினாங்கு நிர்வாகத்தின் ஆவணங்களும் இதே பிரிவில் இருப்பதால், புறப்பட்ட இடத்தின் பதிவையும் சேர்ந்த இடத்தின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

பெயர்கள் மற்றொரு இடர்ப்பாடு. ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினர். மருது என்பது மர்டூ ஆகவும், துரைச்சாமி என்பது டோரா சுவாமி ஆகவும், உடையாத் தேவர் என்பது ஓடியா தேவர் ஆகவும் காணப்படுகின்றன. தமிழில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் குறிக்கப்படாத இடத்தில் ஒரு துரைச்சாமியை இன்னொரு துரைச்சாமியிடமிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆவணங்களைத் தேடுவோர் ஒரே பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது பயன் தரும். ஊரின் பெயர், உடன் சென்றவர்களின் பெயர், கப்பலின் பெயர் ஆகிய மூன்றும் ஒத்து வந்தால் மட்டுமே ஒருவரை உறுதியாக அடையாளம் காண முடியும்.

பினாங்குக்கும் பின்னாளில் சிங்கப்பூருக்கும் சென்ற கைதிகளுள் பலர் தண்டனை முடிந்த பின்னர் அங்கேயே தங்கினர். 1824 ஆம் ஆண்டு ஆங்கில, ஒல்லாந்து உடன்படிக்கையின்படி பென்கூலன் ஒல்லாந்தருக்குக் கைமாறியதைத் தொடர்ந்து, அங்கிருந்த சென்னை மாகாணக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்ததாகும். இப்பகுதியில் கைதிகள் குடியேற்றம் 1873 இல் முடிவுக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து, வணிகராகவும் தொழிலாளராகவும் வந்த பிற இந்தியர்களுடன் கலந்துவிட்டனர். தம் முன்னோர் கைதியாக வந்தார் என்று கூறிக்கொள்ளும் வழக்கம் ஆசுத்திரேலியாவில் ஏற்பட்டதைப் போல மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஏற்படவில்லை. தோட்டத் தொழிலாளராக வந்த தலைமுறையின் வரலாறே அங்குள்ள தமிழரின் பொது நினைவில் முதன்மை பெற்றுள்ளது.

நினைவு

மருது சகோதரர்களுக்குத் திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் நினைவிடங்கள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இறுதியில் அங்கு விழா எடுக்கப்படுகிறது. கண்ணதாசன் 1959 இல் தயாரித்த சிவகங்கைச் சீமை என்னும் திரைப்படம் மருது சகோதரர்களின் வரலாற்றைக் கூறுகிறது. இந்திய அஞ்சல் துறை 2004 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சகோதரர்கள் இருவருக்கும் அஞ்சல் தலை வெளியிட்டது. 1971 இல் வெளியான கு. இராசய்யனின் தென்னிந்தியப் புரட்சி பற்றிய ஆய்வு நூல், தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டோரின் வரலாற்றை அரசு ஆவணங்களின் அடிப்படையில் எடுத்துரைத்தது. அதன் பின்னர் எழுதப்பட்ட மருது வரலாறுகளில் துரைச்சாமியின் நாடு கடத்தலும் 1818 ஆம் ஆண்டுச் சந்திப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன.